பின்சீட்டு விஞ்ஞானி

என் கணவர் நரசிம்மனுக்கு உலகத்தில் எந்தப் பொருள் எப்படி ஓடும் என்று தெரியும். ஸ்கூட்டர் மட்டும் ஓட்டத் தெரியாது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி உத்தியோகம். காலையில் டவுன்ஷிப் தெருமுனைக்கு ஆபீஸ் பஸ் வரும், ஏறிக்கொள்வார். சாயங்காலம் அதே பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். காய்கறிக்கும் லைப்ரரிக்கும் ஒரு சைக்கிள். அதற்கு மேல் மனிதனுக்கு வண்டி எதற்கு என்பது அவர் கட்சி.

வண்டி எனக்குத்தான் தேவைப்பட்டது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எம்.ஏ., பி.எட். முடித்த கையோடு கல்யாணம், சங்கரன்கோவிலிலிருந்து கல்பாக்கம், அப்புறம் ஸ்வாதி என்று என் சர்டிபிகேட்டுகள் பீரோவுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஸ்வாதி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இனிமேலும் தூங்கவிட்டால் அவை எழுந்திருக்கவே போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நேர்காணலில் தலைமையாசிரியை ஜெஸ்ஸி மேடம் சங்க இலக்கியத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படி வருவீர்கள் என்று கேட்டார். அவர்கள் பள்ளியில் எட்டரைக்குப் பிரேயர், மணி அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எட்டரைக்குப் போய்ச் சேருகிற பஸ், ஸ்வாதி பல் தேய்ப்பதற்கு முன்பே கிளம்பிவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் இரண்டாவது பீரியடுக்குத்தான் போகலாம்.

“ஜூன்ல ஸ்கூல் திறக்குற அன்னிக்கு வந்து சேரணும். வர்ற வழிய நீங்கதான் பாத்துக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, இன்னொருத்தங்க காத்திருக்காங்க” என்றார்.

“வண்டியில வந்துடுவேன் மேடம்” என்று சொல்லிவிட்டேன். ஆசை இருக்கு தாசில் பண்ண என்பார்களே, அந்தக் கதைதான். அப்போது எங்களிடம் வண்டியும் இல்லை, எனக்கு ஓட்டவும் தெரியாது.

வண்டி சுலபமாகக் கிடைத்துவிட்டது. இவரோடு வேலை பார்த்த ராகவன் மும்பைக்கு மாற்றலாகிப் போகும்போது, கியர் இல்லாத தன் ஸ்கூட்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். ஓட்டக் கற்றதும் பெரிய விஷயமாக இல்லை. நேராகப் போவதற்கு யாருக்கும் கற்றுத்தரவே வேண்டாம், கைப்பிடியைத் திருகினால் அது பாட்டுக்குப் போகும். பிரச்சினை எட்டில் இருந்தது. செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், பிரேக் இன்ஸ்பெக்டர் கண் முன்னால், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியால் ஒரு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் டவுன்ஷிப் கேட்டைத் தாண்ட இவர் விடமாட்டார். மத்திய சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் பெண்டாட்டி லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவதா என்பார். ஆகையால் என் வேலை, என் சம்பளம், பீரோவில் தூங்கும் என் சர்டிபிகேட்டுகள் எல்லாம் அந்த எட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

இதைக் கேட்டதும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துப் படம் போட ஆரம்பித்தார்.

“எந்தப் பொருளும் தானா வளையாது வசு. அதன் போக்குல விட்டா நேராத்தான் போகும். வளையணும்னா யாராவது உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கணும். இழுக்கிறத விட்டா அந்த இடத்துலேருந்து மறுபடியும் நேராப் போயிடும்.”

“கல்யாணம் ஆன புதுசுல நீங்களும் நேராத்தான் போய்க்கிட்டு இருந்தீங்க. நான்தான் இழுத்து இழுத்து வளைச்சேன்.”

“விளையாடாதே. வண்டியில அந்த இழுப்பு எங்கேருந்து வருது? தரையிலேருந்து. நீ உள்பக்கம் சாய்ஞ்சாத்தான் தரை உன்னை உள்ளே தள்ளும். சாயாம கைப்பிடிய மட்டும் திருப்பினா வண்டி ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது புரிந்துதான் இருந்தது. நாங்கள் செங்கல்பட்டுக்குப் போகிற பஸ் வளைவில் திரும்பும்போது, நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிகிறார்களே, யாரும் தள்ளிவிட்டுச் சரியவில்லை. பஸ் திரும்பிவிடுகிறது, அவர்கள் இன்னும் நேராகவே போய்க்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அதை நினைத்து ஒரே சந்தோஷம். தமிழ் படித்தவளுக்கும் இதெல்லாம் ஏறத்தான் செய்கிறது.

டவுன்ஷிப் ஓரத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு காலி மைதானம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் இவர் என் கோலமாவு டப்பாவையும் ஒரு கயிறையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். குச்சியை நட்டு, கயிற்றைக் கட்டி, சுற்றிவந்து ஒரு வட்டம் போடுவார். அதைத் தொட்டபடி இன்னொரு வட்டம். இப்படி அளவெடுத்த எட்டை ஆர்.டி.ஓ. ஆபீசே பார்த்திருக்காது. வாசலில் கோலம் போட நான் மாவு தேடும்போது டப்பா காலியாக இருக்கும்.

என்னைத் தனியாக ஓட்ட விட அவருக்கு மனசில்லை. எல்.எல்.ஆர். எடுத்துத்தந்த டிரைவிங் ஸ்கூல் தனகோடி, “தனியா வுடு சார், அக்கா ஓட்டிக்கும்” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இவர் கேட்கவில்லை. “விழுந்தா யாரு தூக்குறது?” என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் சும்மாவும் வரவில்லை. சாய், இப்போ நிமிரு, இப்போ அந்தப் பக்கம் சாய் என்று காதுக்குள் பாடம் நடந்துகொண்டே இருந்தது. முதலில் வண்டி வட்டத்தை விட்டு வெளியே வெளியே போயிற்று. இன்னும் சாய் என்றார். சாய்ந்தேன். போதாது என்றார். கைப்பிடியை இழுத்துப் பிடித்து, இடுப்பை ஒடித்துச் சாய்ந்தேன். மே மாதம் பாதி ஆவதற்குள் கோலமாவுக் கோட்டின் மேலேயே எட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். இவர் இறங்கி நின்று சக்கரத் தடத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டெஸ்ட் நாளன்று தனகோடி எங்கள் வண்டியைத் தன் ஆள் மூலம் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். இவர் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டியை எடுத்தேன். மைதானத்து ஓரத்திலிருந்து இவர் தன் உடம்பையே சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

முதல் வளைவிலேயே வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. எப்போதும்போலத்தான் சாய்ந்தேன், எப்போதும்போலத்தான் இழுத்தேன். ஆனால் வண்டி வெடுக்கென்று உள்பக்கம் மடங்கிவிட்டது. வலது காலை ஊன்றினேன். ஊன்றியிருக்காவிட்டால் விழுந்திருப்பேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அடுத்த வாரம் வாங்கம்மா” என்றார்.

“இன்னாக்கா இப்டி பண்ணிட்ட” என்றான் தனகோடி. “சாரு பின்னால குந்திக்கினு வரப்போ ஷோக்கா போட்டுக்கினு இருந்தியே. தோ பாரு, எட்டு போடச்சொல்லோ மூச்ச இஸ்து புடிச்சிக்கணும். நடுவால வுட்டா வண்டி ஒதறிக்கும். அடுத்த தபா மூச்ச வுடாத.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெஸ்ஸி மேடத்திடம் காத்திருக்கிற அந்த இன்னொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கட்டாயம் எட்டுப் போடத் தெரிந்திருக்கும். அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு தரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “அங்கே மண்ணு பொடிப்பொடியா இருக்கு வசு. உராய்வு கம்மி. நம்ம மைதானம் இறுகின தரை. தப்பு உன்மேல இல்லை.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்குப் பதிலா நீங்க சொல்றீங்க” என்றேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற தெருவை நான் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் மைதானம், மறுபடியும் கோலமாவு. இவர் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டியை எடுத்தேன், முதல் வட்டம் கோடு பிசகாமல் வந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இங்கே வருவது அங்கே ஏன் வரமாட்டேன் என்கிறது?

இரண்டாவது சுற்றில் கடல் பக்கமாகப் போகும்போது சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் நிழல் நீளமாக முன்னால் விழுந்து கூடவே ஓடியது. வலது பக்கம் திரும்பச் சாய்ந்தேன். நிழலில் என் தலை வலது பக்கம் போயிற்று. அதன் பின்னாலிருந்து இன்னொரு தலை இடது பக்கம் கிளம்பிற்று. கவட்டைக் குச்சி மாதிரி ஒரே அடியிலிருந்து ஆளுக்கொரு திசையில் போனோம். அடுத்த வட்டத்தில் நான் இடது பக்கம் சாய்ந்தேன், அந்தத் தலை வலது பக்கம் போயிற்று.

வண்டியை நிறுத்தினேன்.

“என்னங்க, நீங்க எந்தப் பக்கம் சாயறீங்க?”

“நான் சாயலையே. நேராத்தானே உக்காந்திருக்கேன். நீயும் வண்டியும்தான் சாயறீங்க.”

“நிழலப் பாத்தேன். நான் ஒரு பக்கம் சாய்ஞ்சா நீங்க எதிர்ப்பக்கம் போறீங்க.”

அவர் இறங்கி நின்று யோசித்தார். அப்புறம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் படம் போட்டார். ஒரு கோடு நான், ஒரு கோடு அவர். போடப் போட அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “நான் வெளியே போறேன், அதைச் சரிக்கட்ட நீ கூடுதலா உள்ளே சாயறே. அதுதான் உன் உடம்புக்குப் பழகியிருக்கு. டெஸ்ட்ல நான் இல்லை. ஆனா நீ எனக்கும் சேத்துச் சாய்ஞ்சிருக்கே. வண்டி உள்ளே மடங்காம என்ன செய்யும்? அழகா இருக்கு வசு, எவ்வளவு அழகாப் பொருந்துது பாரு” என்று சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “என் வேலை போகப்போகுது. உங்களுக்கு அழகா இருக்கா? ஒரு மாசமா காதுக்குள்ள சாய் சாய்னு ஓதிக்கிட்டு, பின்னால உக்காந்து நீங்களே எதிர்ப்பக்கம் இழுத்திருக்கீங்க. எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்ச மனுஷனுக்குத் தான் எந்தப் பக்கம் சாயறோம்னு தெரியாதா?”

அவர் சிரிப்பு நின்றது. குச்சியைக் கீழே போட்டார்.

“பயமா இருந்துச்சு வசு. கணக்கு எனக்குத் தெரியும். சாய்ஞ்சாத்தான் விழமாட்டோம்னு தெரியும். ஆனா தரை கிட்டே வர வர உடம்பு கேக்க மாட்டேங்குது. நீ விழுந்தா பிடிச்சுக்கலாம்னுதான் பின்னால உக்காந்தேன். பிடிச்சு நிறுத்துறதா நெனச்சு இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒடுங்கிப் போயிருந்தது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதர் எதற்காவது பயந்ததாக என்னிடம் சொன்னதே இல்லை. பாவமாக இருந்தது. அதே சமயம் ஜூன் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க தள்ளி நில்லுங்க. நான் தனியாப் போட்டுக்கறேன்” என்றேன்.

அவர் தள்ளிப்போய் நின்றார். பின்சீட்டில் ஆளில்லாத வண்டி கன்றுக்குட்டியாகத் துள்ளியது. என் உடம்போ இல்லாத ஆளுக்கும் சேர்த்துச் சாய்ந்தது. முதல் வளைவிலேயே பொத்தென்று விழுந்தேன். முழங்கை சிராய்த்து, புடவை கிழிந்து, வண்டி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு உறுமியது. அவர் ஓடிவந்தார்.

“வராதீங்க. அங்கேயே நில்லுங்க” என்று கத்தினேன்.

நின்றுவிட்டார். ஓடி வந்த கால் பாதியில் நின்றதில் தடுமாறினார். அப்படியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் ஏறினேன். நான் விழுந்ததை விட அவருக்கு அங்கே நிற்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணப் பந்தலில்கூட வந்ததில்லை.

பழகியதை மறப்பது, புதிதாகப் பழகுவதை விடப் பெரும்பாடு. கொஞ்சமாகச் சாய்ந்தால் போதும் என்று மனசு சொல்லும், இடுப்பு தன்னிஷ்டத்துக்கு ஒடியும். மறுபடி விழுந்தேன். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள், லேசாகத் தலையைத் திருப்பினாலே வண்டி வளைந்து கொடுக்க ஆரம்பித்தது. ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில் நிறுத்தாமல், சும்மா சுற்றிக்கொண்டே இருந்தேன். கடல் காற்று முகத்தில் அடித்தது. இது டெஸ்ட்டுக்கான பயிற்சி என்பதே சில நேரம் மறந்துபோயிற்று.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு ஆபீஸ் பஸ் ஏறப் போனார். வண்டி போன தடவை மாதிரியே தனகோடியின் ஆளோடு போயிற்று, நான் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன்.

“மூச்ச புடிச்சிக்கோக்கா” என்றான் தனகோடி.

நான் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டே போட்டேன். முதல் வட்டம், நடுவில் நேராக வருகிற அந்த ஒரு கணம், அப்புறம் இரண்டாவது வட்டம். காலை ஊன்றாமல் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். “சரி, போங்கம்மா” என்றார். அதைவிட இனிமையான தமிழை நான் எம்.ஏ. வகுப்பிலும் கேட்டதில்லை.

“பாத்தியாக்கா, நான் சொன்னா மாரி மூச்ச புடிச்ச, வந்துகிச்சு” என்றான் தனகோடி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மெதுவாக, “சாரு டீக்கடையாண்ட நிக்கிறாரு. உன்னாண்ட சொல்லவாணாம்னாரு” என்றான்.

போய்ப் பார்த்தேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“நான் பாக்கலை வசு. திரும்பவே இல்லை. முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை காத்திருந்து லைசென்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“நான் பஸ்ல வந்துடறேனே.”

“ஏறுங்க.”

ஏறினார். ஊரைத் தாண்டும் வரை நேர் ரோடு, ஒரு வம்பும் இல்லை. ஏரியை ஒட்டிச் சாலை வளைகிற இடம் வந்ததும் தோளைத் தட்டினார். “வசு, இங்கே நிறுத்து. நான் நடந்து வந்துடறேன், நீ திரும்பி அந்தப் பக்கம் நில்லு. எதுக்கு உனக்குச் சிரமம்?” நிறுத்தினேன். வளைவு முழுக்க அவர் நடந்து வந்தார், நான் காத்திருந்து ஏற்றிக்கொண்டேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார். அடுத்த வளைவிலும் இறங்கி நடந்தார். உலகத்தில் எது ஏன் வளைகிறது என்று தெரிந்த மனிதர், பெண்டாட்டி விழக்கூடாதென்று ரோட்டோரமாகப் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று நடந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழைந்து பள்ளிக்கூடத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் மறுபடியும் தோளைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை.

“வசு, வளைவு.”

“தெரியும். என்னைப் பிடிச்சுக்குங்க. நான் போற பக்கம் வாங்க.”

இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தலையை என் முதுகில் அழுத்திக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் சாய்ந்தேன். முதுகில் அந்தக் கனம் என்னோடேயே சாய்ந்து வந்தது. வண்டி இழுபறி இல்லாமல், ஓசையில்லாமல் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். ஜெஸ்ஸி மேடம் புத்தகக் கட்டுகளை இறக்கும் ஆளோடு கேட்டருகே நின்றிருந்தார். லைசென்ஸைக் காட்டி, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுகிறேன் என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்துச் சிரித்தார்.

“பரவால்ல சார், இவ்வளவு தூரம் நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்களே.”

இவர் ஒரு கையால் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“இல்லைங்க மேடம்” என்றார். “இவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க.”